ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வந்தவர் பழைய மனிதர் இல்லை

கேள்வி: என் கணவருக்கு வயது 56. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர். மதுவைத் தொட்டதே இல்லை. ஏழு மாதங்களுக்கு முன் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்து, வலப்பக்கத்தில் ஒரு பகுதியை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். நெடுங்காலமாகவே ஹெபடைட்டிஸ் பி என்ற வைரஸ் தொற்று இருந்திருக்கிறது, ஈரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸும் தொடங்கிவிட்டது என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது. அதன் பிறகு எடுத்த இரண்டு ஸ்கேனிலும் ஒன்றுமில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார் அறுவை மருத்துவர். ஆனால் வீட்டுக்கு வந்தவர் பழைய மனிதர் இல்லை. இரவெல்லாம் விழித்திருந்து பகலில் தூங்குகிறார். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார். அடிக்கடி வலது விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்துக்கொள்கிறார். தட்டையும் டம்ளரையும் தனியே வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிறார். ஸ்கேன் தேதி நெருங்கினால் பேச்சே நின்றுவிடுகிறது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் காப்பீடு, வங்கிக் கணக்கு விவரங்களை எழுதி வருகிறார். முத்து முத்தாக எழுதுபவரின் எழுத்து இப்போது கோணலாகிக் கோட்டை விட்டு இறங்குகிறது, பார்த்தாலே அழுகை வருகிறது. போன வாரம், ‘நான் இருந்து யாருக்கு என்ன பயன்?’ என்றார். உயிர் பிழைத்த நன்றிகூட இல்லையே என்று எனக்கே சில நேரம் கோபம் வருகிறது; பிறகு அப்படி நினைத்ததற்காக என் தூக்கம் போகிறது. என் மாமியாருக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையை அவருக்குக் கொடுக்கலாமா? அவர் எப்போது முன்பு போல் ஆவார்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

நான் புற்றுநோயாளிகளைப் பார்க்கும் மனநல மருத்துவன். உங்கள் கடிதத்தில் நான் முதலில் கோடிட்டது, நீங்கள் துயரத்தோடு சொல்லிவிட்டுக் கடந்துபோன அந்த ஒரு வரியைத்தான்: முத்து முத்தாக எழுதியவரின் எழுத்து கோணலாகிக் கோட்டை விட்டு இறங்குகிறது என்பது. அதோடு இரவில் விழிப்பு, பகலில் தூக்கம், முன்பில்லாத எரிச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்கும்போது, இது மனம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் என்று சொல்லிவிட எனக்குத் துணிவில்லை. மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஈரலைக் கேட்டுவிட வேண்டும்.

குடலில் உண்டாகும் அம்மோனியா முதலிய கழிவுகளை இரத்தத்திலிருந்து நீக்குவது கல்லீரலின் அன்றாட வேலை. சிரோசிஸ் தொடங்கிய ஈரலில் ஒரு பகுதியை எடுத்த பிறகு, மிஞ்சியிருக்கும் பகுதியால் அந்த வேலையை முழுதாகச் செய்ய முடியாமல் போனால், அந்தக் கழிவுகள் மூளையை எட்டி அதன் வேகத்தைக் குறைக்கின்றன. இதை ஹெபாட்டிக் என்செபலோபதி என்கிறோம். முற்றிய நிலையில் நோயாளி குழம்புவார், நினைவிழப்பார். அது யாருக்கும் தெரிந்துவிடும். தொடக்கநிலையோ அப்படித் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. தூக்கம் இரவிலிருந்து பகலுக்கு இடம் மாறும், கவனம் சிதறும், கூட்டல் கழித்தலில் சிறு பிழை வரும், சுபாவம் மாறும், கையெழுத்து குலையும். வீட்டில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் மனச்சோர்வாகவும் பிடிவாதமாகவும்தான் தெரியும். மருத்துவர்களிலும் சிலர் அப்படியே எடுத்துக்கொண்டு தூக்க மாத்திரை எழுதிவிடுவதுண்டு. அதன் விளைவை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே மாமியாரின் தூக்க மாத்திரையைத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். டயஸெபாம், அல்பிரஸோலாம் வகையைச் சேர்ந்த மாத்திரைகள் பலவீனமான ஈரலில் சரிவரச் சிதையாமல் உடலில் தங்கி, இந்த மூளைப் பாதிப்பைத் தூண்டிவிடக்கூடியவை. அடுத்த ஸ்கேன் தேதி வரட்டும் என்று காத்திராமல், இந்த வாரத்திலேயே அவரை ஈரல் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, எழுத்து மாறியதையும் தூக்க நேரத்தையும் நீங்களே சொல்லுங்கள். அவர் சொல்லமாட்டார், ‘நன்றாக இருக்கிறேன்’ என்றுதான் சொல்வார். கைகளை நீட்டச் சொல்லி மணிக்கட்டு படபடக்கிறதா என்று பார்ப்பது, தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசைப்படி கோட்டால் இணைக்கச் சொல்வது, ஒரு நட்சத்திரத்தை வரையச் சொல்வது போன்ற எளிய சோதனைகளிலேயே பாதி விடை தெரிந்துவிடும். மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது, ஏதேனும் தொற்று, குடலில் இரத்தக் கசிவு, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரைகள் ஆகியவற்றில் எது தூண்டியது என்று கண்டுபிடித்துச் சரிசெய்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை இளகிய மலம் போகும் அளவுக்கு லாக்டுலோஸ் என்ற மலமிளக்கியைக் கொடுத்தால், சில நாட்களிலேயே மனிதர் தெளிவதைப் பார்க்கலாம். சோதனை முடியும்வரை அவர் வண்டி ஓட்ட வேண்டாம். எழுப்ப முடியாத மயக்கம், குழறும் பேச்சு, காய்ச்சல், கறுத்த மலம், இரத்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

அதே நாளில் ஹீமோகுளோபின், தைராய்டு, இரத்தத்தில் சோடியம் அளவு ஆகியவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஈரல் நாளத்தின் அழுத்தத்தைக் குறைக்க புரோபிரனலால் போன்ற மாத்திரை எடுத்துக்கொள்கிறாரா என்பதையும் கவனியுங்கள். சிலருக்கு அதுவே கை கால்களைச் சோர வைக்கும். இவையெல்லாம் மனச்சோர்வின் வேடம் போட வல்லவை.

இந்தச் சோதனைகளில் எதுவும் அகப்படலாம், ஒன்றும் அகப்படாமலும் போகலாம். என் அனுபவத்தில் இந்த நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கின்றன. ஈரலைச் சீர்செய்த பிறகும் மிஞ்சி நிற்கும் துயரம் ஒன்று உண்டு. உங்கள் கடிதத்தின் மற்ற வரிகள் அதைப் பற்றியவைதான்.

உயிர் பிழைத்த நன்றி இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் தெரிந்த நாளிலிருந்து அறுவை முடியும்வரை அவருக்கு நாள்தோறும் ஏதாவது ஒரு வேலை இருந்தது: இன்றைக்கு இரத்தப் பரிசோதனை, நாளைக்கு மயக்க மருத்துவரைப் பார்ப்பது, மறுநாள் சம்மதப் படிவத்தில் கையெழுத்து என்று. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், பயப்பட நேரமில்லை. தையல் பிரித்து எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, வெறுமையான ஒரு பிற்பகலில்தான் நடந்தது என்னவென்று மனத்துக்கு உறைக்கிறது. சிகிச்சை முடிந்ததும் மனம் தளர்வது, பார்ப்பவர்களுக்குப் பொருந்தாததாகத் தோன்றினாலும், எங்கள் துறையில் தினமும் காணும் ஒழுங்கு அதுதான். நன்றிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

உடல் அசதியும் இதோடு சேர்கிறது. கல்லீரல் மீண்டும் வளரும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வெட்டிய பகுதி பழைய வடிவில் முளைப்பதில்லை. மிஞ்சிய பகுதி பருத்து, ஆரோக்கியமான ஈரலானால் இரண்டு மூன்று மாதங்களில் கொள்ளளவில் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். சிரோசிஸ் உள்ள ஈரல் மெதுவாகவும் குறைவாகவுமே வளரும். கொள்ளளவு ஈடானாலும் தெம்பு அதே வேகத்தில் வருவதில்லை. இதற்கிடையில் வீட்டாரும் உறவினரும் ‘ஈரல் வளர்ந்துவிட்டதாமே, இன்னும் என்ன அசதி?’ என்று கேட்கும்போது, நோயாளி தன் அசதியைத் தானே சந்தேகிக்க ஆரம்பிக்கிறார்; ஒன்று தன்னைச் சோம்பேறி என்று நினைக்கிறார், அல்லது நோய் திரும்பிவிட்டது என்று நினைக்கிறார்.

அவர் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்ப்பது இந்த இரண்டாவது நினைப்பில்தான். தோலில் ஓடும் சிறு நரம்புகள் அறுவையில் அறுபடுவதால் தழும்பைச் சுற்றி மரத்துப்போவதும், அவ்வப்போது மின்சாரம் தொட்டாற்போல் சுரீரென்பதும் மாதக்கணக்கில் இருக்கலாம். வலது தோளில் வலி வருவதுண்டு. ஈரலுக்கு மேலிருக்கும் உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் ஒரே பகுதியிலிருந்து வருவதால், கீழே உள்ள உறுத்தலை மூளை தோளில் இருப்பதாகப் படித்துவிடுகிறது. இதை யாராவது அவருக்குச் சொல்லியிருப்பார்களா என்பது சந்தேகம். சொல்லாதபோது ஒவ்வொரு சுரீரும் கட்டியின் செய்தியாகிறது. செய்தியைச் சரிபார்க்க அவர் அழுத்துகிறார். நாளுக்கு இருபது முறை அழுத்தினால் எந்த வயிறும் வலிக்கும். அந்த வலி அடுத்த செய்தியாகிறது. ‘அழுத்தாதீர்கள்’ என்று கையைத் தட்டிவிடாமல், காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று அவரையே வரையறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அதையும் குறைத்துக்கொள்ளலாம். வலிக்கு மாத்திரை வேண்டுமானால் பாராசிட்டமால், பொதுவாக நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மிகாமல், மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கலாம். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிரோசிஸ் உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரத்தக் கசிவையும் உண்டாக்கும்.

இனி, இந்தப் பதிலில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். உங்கள் கணவரின் அச்சத்தில் உண்மை இருக்கிறது. கல்லீரல் செல்லில் தோன்றும் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, ஐந்து ஆண்டுகளுக்குள் ஈரலில் மீண்டும் ஒரு கட்டி தென்படுகிறது. முதல் இரண்டு ஆண்டுகளில் இதற்கான வாய்ப்பு கூடுதல். மூன்று மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதனால்தான். கணக்குப் பார்த்தே வாழ்ந்த மனிதர் இதை எங்காவது படித்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நீங்களோ, அன்பினால்தான், ‘ஒன்றும் வராது, தைரியமாக இருங்கள்’ என்று சொல்லியிருப்பீர்கள். அந்த நொடியில் அவருக்கு இரண்டு வழிதான்: உங்களோடு வாதாடி உங்களையும் பயமுறுத்துவது, அல்லது வாயை மூடிக்கொள்வது. அவர் இரண்டாவதைத் தேர்ந்திருக்கிறார். அந்த மௌனத்தை நான் கோபமாகப் படிக்கவில்லை. பெரும்பகுதி அவர் உங்களைக் காப்பதற்காகக் கட்டிய சுவர் என்றே படிக்கிறேன்.

‘வராது’ என்பதற்குப் பதிலாக, ‘வரலாம் என்ற பயம் எனக்கும் இருக்கிறது, எது உங்களை அதிகம் பயமுறுத்துகிறது?’ என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். விடை நீங்கள் எதிர்பார்ப்பதாக இராது. சாவதைவிட மறுபடியும் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களோடு கிடப்பதற்கு அஞ்சுபவர்கள் உண்டு. பணம் கரைவதற்கு அஞ்சுபவர்கள் உண்டு. அறுவைக்குப் பிந்தைய முதல் இரவில் குழம்பிக் கண்ட காட்சிகளை யாரிடமும் சொல்லாமல் சுமந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவருடைய அச்சத்துக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பே இருக்கவில்லை. எது என்று தெரிந்தால்தான் அதற்கு மருந்து சொல்ல முடியும்.

அந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் அவருக்குச் சொல்ல வேண்டும். சிறியதாக இருக்கும்போதே அகப்படும் கட்டிக்கு மறு அறுவை, ஊசி செலுத்தி வெப்பத்தால் பொசுக்குவது, இரத்தக் குழாய் வழியே மருந்து செலுத்திக் கட்டிக்குப் போகும் ஓட்டத்தை அடைப்பது, பொருத்தமானவர்களுக்கு ஈரல் மாற்றம் என்று வழிகள் இருக்கின்றன. டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை நாள் தவறாமல் எடுப்பது கட்டி திரும்பும் வாய்ப்பையே குறைக்கிறது. மனம் சோர்ந்தவர்கள் ஓசைப்படாமல் நிறுத்துவது இந்த மாதிரி மாத்திரைகளைத்தான். திடீரென நிறுத்தினால் ஈரல் அழற்சி சீறிக் கிளம்பும். காவல்காரராக நிற்காமல், பட்டையில் மாத்திரை குறைகிறதா என்று மட்டும் ஒரு கண் வைத்திருங்கள்.

ஸ்கேன் வாரத்துக்கென்று சில ஏற்பாடுகள் உதவும். ஸ்கேன் எடுப்பதற்கும் முடிவைச் சொல்லும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் இடையே உள்ள நாட்களே மிகக் கொடியவை. இரண்டையும் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ அமைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் கேட்டால் செய்வார்கள். ஈரல் கட்டியைக் கண்காணிக்க இரத்தத்தில் பார்க்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன் அளவு கைப்பேசியில் வந்து விழுந்ததும், இரவு பதினொரு மணிக்குத் தனியாக உட்கார்ந்து அந்த எண்ணைப் படிக்க வேண்டாம் என்று இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஈரலில் அழற்சி இருந்தாலும் அந்த எண் ஏறும். மருத்துவர் பார்ப்பது ஒற்றை எண்ணை அல்ல, முந்தைய எண்களோடு அது போகும் திசையை. கவலைப்படுவதற்கென்று பகலில் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அந்த நேரத்துக்குத் தள்ளிவைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். அறிதிறன் நடத்தை சிகிச்சையில் இது பழகிய உத்தி, பலருக்குப் பலிக்கிறது. புற்றுநோய் திரும்பும் அச்சத்துக்கென்றே இந்த சிகிச்சையைத் தரும் உளவியலாளர்கள் இருக்கிறார்கள். அச்சத்தை அடியோடு நீக்குவதாக அவர்கள் வாக்குத் தருவதில்லை, அது வாழ்க்கையில் எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் கற்றுத் தருகிறார்கள்.

தனித் தட்டும் தனி டம்ளரும் என்னை வருத்தின. யார் ஒதுக்கிவைத்தார்கள் என்று பார்த்தால், அவரே ஒதுக்கிக்கொண்டிருக்கிறார். புற்றுநோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. ஹெபடைட்டிஸ் பி தொற்றும். ஆனால் இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றுமே தவிர, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, கட்டி அணைப்பதாலோ, தும்முவதாலோ தொற்றாது. தனியாக வைக்க வேண்டியவை சவரக் கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி ஆகியவை மட்டுமே. நீங்களும் பிள்ளைகளும் இரத்தப் பரிசோதனை செய்து, தொற்றோ எதிர்ப்பு சக்தியோ இல்லாதவர்கள் மூன்று தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை அவர் கண்ணில் படும்படி வையுங்கள். நூறு முறை சொல்வதைவிட அது பயன் தரும். பிறகு ஒருநாள், எதுவும் பேசாமல், அவர் தட்டை உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பரிமாறுங்கள்.

இந்த ஒதுங்கலுக்குள் ஓர் அவமானமும் இருக்கக்கூடும். ஈரல் நோய் என்றதும் ‘குடிப்பாரோ?’ என்ற கேள்வி உறவினர் கண்ணில் வந்துவிடுகிறது. தொட்டே பார்க்காதவருக்கு அது எவ்வளவு கசக்கும் என்று எண்ணிப் பாருங்கள். (குடித்து நோயுற்றவரை மட்டும் அப்படிக் கேட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது என்பதே என் எண்ணம்.) ஹெபடைட்டிஸ் பி பச்சிளம் பருவத்தில் தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது, வளர்ந்த பிறகு தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே தங்குகிறது. ஆகவே நெடுங்காலமாக இதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் தவழும் வயதிலேயே வாங்கியவர்கள். அவர் செய்த எந்தத் தவற்றுக்கும் இது கூலி இல்லை. உறவினர் கேட்டால் ‘சிறு வயதில் வந்த கிருமி’ என்ற நான்கே சொல்லில் நீங்கள் முடித்துவிடலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் யாருமே எழுதுவதில்லை. காயம் ஆறி, உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறது என்று உறுதியானால், தாம்பத்திய உறவுக்கு எந்தத் தடையும் இல்லை. நாட்டம் குறைந்திருந்தால் அசதி, மனச்சோர்வு, சிரோசிஸில் ஆண் ஹார்மோன் குறைவது என்று காரணங்கள் உண்டு. உங்கள் மீதுள்ள அன்பு குறைந்ததன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

‘நான் இருந்து யாருக்கு என்ன பயன்?’ என்ற வாக்கியத்துக்கு வருகிறேன். இதைக் கேட்டும் கேட்காதது போல் விட்டுவிடக் கூடாது. அவர் கொஞ்சம் அமைதியாக இருக்கும் நேரத்தில், ‘அன்றைக்கு அப்படிச் சொன்னீர்களே, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா? எப்படி என்றுகூட யோசித்திருக்கிறீர்களா?’ என்று அதே சொற்களில் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று குடும்பத்தார் அஞ்சுகிறார்கள், அப்படி விதைப்பதில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதல்தான் அடைகிறார். வழிமுறை யோசித்திருக்கிறார், மாத்திரை சேர்த்து வைக்கிறார், விடைபெறுவது போல் பேசுகிறார் என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும், பாராசிட்டமால், மாமியாரின் மாத்திரை உட்பட, இன்றே பூட்டி வையுங்கள். காப்பீட்டையும் வங்கிக் கணக்கையும் எழுதிவைப்பது மட்டும் ஆபத்தின் அறிகுறி ஆகிவிடாது. பொறுப்பான மனிதர் பெரிய நோய்க்குப் பிறகு செய்யும் வேலைதான் அது. மேற்சொன்னவற்றோடு சேரும்போதே அதன் பொருள் மாறுகிறது.

பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் மனம் தாழ்ந்தோ எதிலும் நாட்டமற்றோ இருந்தால் அதை மனச்சோர்வு நோயாக மதிப்பிட வேண்டும். ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாள் உண்டு. மொத்தம் 27 மதிப்பெண்ணில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்கிறோம். ஆனால் ஈரல் நோயாளியிடம் அந்த மொத்தத்தை நான் அப்படியே நம்புவதில்லை. அசதி, பசியின்மை, தூக்கக் கேடு மூன்றும் ஈரலாலும் வருமாதலால், பிடித்த காரியத்திலும் ருசி போய்விட்டதா, தன்னைப் பயனற்றவன் என்று நினைக்கிறாரா, சாவை நினைக்கிறாரா என்ற கேள்விகளுக்கே நான் அதிக எடை கொடுப்பேன். உங்கள் கணவரின் கடைசி வாக்கியம் அந்த எடை உள்ள வாக்கியம். ஆகவே ஈரல் சோதனை என்ன சொன்னாலும் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

போகும்போது ஈரல் பரிசோதனை அறிக்கையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். மனச்சோர்வு மருந்துகளில் பெரும்பாலானவை ஈரலில் சிதைபவை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். டுலோக்செட்டின், அகோமெலட்டின் ஆகியவற்றை இத்தகையவர்களுக்குத் தவிர்க்கிறோம். செர்ட்ராலின் வகையைக் குறைந்த அளவில் தருவதுண்டு என்றாலும், உணவுக்குழாயில் வீங்கிய நாளங்களோ, இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் குறைவோ இருந்தால் இரத்தக் கசிவை எண்ணி ஈரல் மருத்துவரோடு பேசி முடிவெடுப்போம். இம்மருந்துகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். தூக்க மாத்திரையைப் போல் அடிமைப்படுத்துபவை அல்ல. ஈரலுக்கு வலு, தூக்கத்துக்கு மூலிகை என்று யாராவது பொட்டலம் கொண்டுவந்தால் அன்போடு வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். ஈரலைக் காக்க வந்த மூலிகையே ஈரலைக் கெடுத்த கதைகள் எங்கள் வார்டில் ஏராளம்.

உடலைப் பொறுத்தவரை, சிரோசிஸ் தசையைத் தின்னும் நோய். புரதத்தைக் குறைக்கச் சொல்லும் பழைய அறிவுரையை யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். மூளைப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பதே இன்றைய நெறி. இரவு நீண்ட நேரம் வெறும் வயிற்றில் கிடக்காமல் படுக்கும் முன் சிறிது உண்பது தசையைக் காக்கும். காலையில் வெயிலில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் நடக்கட்டும். காலை வெளிச்சம் தூக்கத்தின் கடிகாரத்தையும் திருத்தும். வேலைக்கு அரை நாளாகவேனும் திரும்புவது அவரைப் போன்றவருக்கு நல்ல மருந்துதான். ஆனால் மூளைச் சோதனை முடிந்த பிறகே போகட்டும். கணக்கில் பிழை விட்டுப் பிறர் அதைத் திருத்தும் அனுபவம் இப்போது அவருக்கு வேண்டாம்.

எப்போது முன்பு போல் ஆவார் என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரல் அறுவைக்குப் பிறகு பலருடைய வாழ்க்கைத் தரம் முதலில் இறங்கி, மூன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் பழைய நிலைக்கு அருகே ஏறிவிடுகிறது. உங்கள் கணவருக்கு ஏழு மாதமாகியும் ஏறவில்லை. ஆகவே காலம் சரிசெய்யும் என்று இனியும் விட முடியாது, காரணத்தைத் தேடிச் சிகிச்சை செய்ய வேண்டிய நேரம் இது. செய்தால் பெருமளவு மீள்வார் என்று எதிர்பார்க்கிறேன். ஸ்கேன் தேதியைக் காலண்டரில் பார்க்கும்போது ஒரு கணம் வயிறு கலங்குவது மட்டும் உங்கள் இருவருக்கும் நெடுநாள் இருக்கும்.

உங்கள் கோபத்தைப் பற்றி: அது வராவிட்டால்தான் நான் வியந்திருப்பேன். நோயாளியைக் கவனிப்பவரின் மன உளைச்சல் நோயாளியினுடையதற்குக் குறையாமல், சில வேளை அதைவிடக் கூடுதலாகவே இருப்பதைப் பார்க்கிறோம். உங்களை யாரும் ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டிருக்கவும் மாட்டார்கள். இந்த வாரப் பயணம் முடிந்த பின், அதற்கடுத்த மருத்துவமனைப் பயணத்துக்கு பிள்ளைகளோ அவருடைய உடன்பிறந்தவரோ போகட்டும். நீங்கள் அன்றைக்கு வீட்டில் தூங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் உங்கள் தூக்கமும் கெட்டிருந்தால் நீங்களும் ஒரு மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்தான்.

இந்த வாரம் போகும்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அவருக்குத் தெரியாமல் எடுக்காதீர்கள். ‘எழுத்து மாறியிருக்கிறது, மருத்துவரிடம் காட்டலாமா?’ என்று கேட்டுவிட்டே எடுங்கள். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மருத்துவருக்கு நிறையத் தெரியும். மிச்சமிருக்கும் தாள்களில் எப்போது தூங்கினார், எப்போது விழித்தார், மலம் எத்தனை முறை போனார் என்று தேதி போட்டு எழுதி வாருங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றுக்கு ஒரு தனிப் பக்கம் விடுங்கள். அதில் முதல் கேள்வியை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள், எழுத்து எவ்வளவு கோணலாக வந்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்